கை அசைக்காத வள்ளம்

சத்தம் போடாமலே சபையை அடக்கி வைத்திருக்கும் தலைவர் அப்துல் ஹமீட் அவர்களே! ஆசி தந்த அருட்தந்தையே! துஆ ஓதிய மௌலவி அவர்களே! வெயிலையும் பாராமல் வந்து வீற்றிருக்கும் பெரியோரே! உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்த என் தாய்மாரே! அலையோடு மல்லுக்கட்டும் என் சகோதரரே! மீனவப் பெண்கள் சங்கத்தின் மாக்கிறட், மனம் நிறைந்து உங்களை வணங்குகிறேன்.

தாராபுரக் கரையிலே எதைத் திறக்க வந்திருக்கிறோம்? மாளிகையா? மண்டபமா? இல்லை! மிதக்கும் வெற்று எண்ணெய்ப் பரல்களின் மேலே ஒரு பழைய வள்ளம். சுற்றிவர இரும்புத் தூண்கள், தூண்களிலே நம் வலைகள், சோழகக் காற்றைப்போல் சுழற்றியடிக்கும் இராட்சத விசிறிகள். ஓட்ட ஆளில்லாமல், தானே பார்த்து, தானே முடிவெடுத்து, கடலில் தவிப்போரைத் தேடும் ட்ரோனை வடிவமைக்கவும் வதைத்துப் பார்க்கவும் எழுந்த சோதனைத் தளம் இது. கட்டியவர்கள் நம் தாராபுரத்துச் சுவேதினியும் எருக்கலம்பிட்டிப் பர்ஸானாவும். கைதட்டுங்கோ, கஞ்சத்தனம் வேண்டாம்!

ஆனால் தாய்மாரே, இது பிறந்தது ஒரு பிழையிலிருந்து. அந்தப் பிழையைச் செய்தது யார்? இந்த மாக்கிறட்தான்.

ஈராண்டுக்கு முன் இந்தப் பிள்ளைகள் முதல் ட்ரோனைப் பழக்கினார்கள். "வள்ளத்துக்குள்ள களைச்ச ஆக்கள் மாதிரிப் படுத்திருங்கோ, அது தேடட்டும்" என்றார்கள். நம்மவர்கள் படுத்தார்களா? ட்ரோன் தலைக்கு மேலே வந்ததும் சாரத்தைக் கழற்றி ஆட்டினார்கள்! சிரிக்காதேங்கோ, உண்மை! நான் கரையில் நின்று கத்தினேன்: "நல்லா ஆட்டுங்கோ! எங்கட பிள்ளையளின்ர மெசின் தோத்துப்போகப்படாது!" அத்தனை வள்ளத்தையும் அது கண்டுபிடித்தது. நாங்கள் பாயாசம் காய்ச்சிக் கொண்டாடினோம்.

போன வருடம், சோழகம் கிளம்பிய கிழமை, என் மனுசன் அந்தோனிமுத்துவின் வள்ளம் திரும்பவில்லை. ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. பிள்ளைகள் ட்ரோனை அனுப்பினார்கள். அது போய்த் தேடிவிட்டு, ஆளில்லை என்று திரும்பி வந்தது. என் உயிரே போய்விட்டது, ஐயா!

மூன்றாம் நாள் பேசாலை வள்ளமொன்று அவரை இழுத்து வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் சொன்னார்: "மேல ஏதோ இரைஞ்சுகொண்டு போனது, மாக்கிறட். கையைத் தூக்கேலாமல் கிடந்தனான்."

பர்ஸானா ட்ரோன் எடுத்த படங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். வள்ளம் படத்தில் இருந்தது. அவர் வெயிலுக்கு இழுத்து மூடிய படங்குக்குக் கீழே கிடந்தார். கை அசைப்பவனை மட்டுமே அறிந்த ட்ரோன் அவரைக் கடந்து போயிருந்தது. சுவேதினி என் முன்னே நின்று அழுதாள்: "மெசினைக் குறை சொல்லேலாது, அன்ரி. நாங்கள் வைச்ச சோதினைதான் பிழை." கரையில் நின்று கத்தியது நானல்லவா? அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

சோர்ந்தார்களா? சுருண்டார்களா? மெசினுக்கு அன்பு காட்டாத ஒரு களம் வேண்டும் என்று துணிந்தார்கள்! பரல் சேர்த்தார்கள், பழைய வலை கேட்டார்கள், பத்து மாதம் பாடுபட்டார்கள். விசிறிக் காற்றில் ட்ரோன் இருநூறு தரத்துக்கு மேல் வலையில் விழுந்தது; அத்தனை தரமும் எடுத்துத் திருத்தினார்கள். அந்தப் பலகையை வாசியுங்கோ: "இங்கே கை அசைக்கக் கூடாது." அது எனக்காக எழுதியது. ஓம், எனக்காகவேதான்!

போன கிழமை கடைசிச் சோதனை. படங்குக்குக் கீழே படுத்தவர் யார்? அந்தா, பின்கதிரையில் ஒளிந்திருக்கிறாரே, என் மனுசனேதான்! எழும்புங்கோ, வெட்கப்படாதேங்கோ! ட்ரோன் வந்தது, கடந்தது. மறுபடி வந்தது, மறுபடியும் கடந்தது. கை காட்டிவிடுவேனோ என்று பயந்து, இரண்டு கையையும் சேலைத் தலைப்பில் இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். மூன்றாம் தரம், படங்குக்கு வெளியே தெரிந்த ஒரு பாதத்தின் மேலே வந்து, நின்றது! நகரவே இல்லை! நான் மண்ணில் குந்தி ஓவென்று அழுதேன்.

நாளை விடிய அவர் மறுபடி தொழிலுக்குப் போகிறார். அன்றிலிருந்து அவரைக் கடலுக்கு விடாமல் மறித்த நானும் இம்முறை மறிக்கவில்லை. பிள்ளைகளே, உங்கள் அறிவுக்கு ஆயிரம் நன்றி. உங்கள் பிடிவாதத்துக்கு அதைவிடப் பெரிய நன்றி.

இதோ, இப்போது அது எழும்பப்போகிறது. தாய்மாரே, சகோதரரே, ஒருவரும் கையை ஆட்டாதேங்கோ! கூப்பிய கையோடு, அதை அசைக்காமலே, விடைபெறுகிறேன். வணக்கம்.