நாற்பது தாய்மார்களின் பதில்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மண்டல மேலாளர் விஜயசங்கர் அவர்களே! பன்னிரண்டு நாளைக்கு முன்பு மாரடைப்பில் நம்மை விட்டுப் போன அண்ணன் துல்கர்னைன் அவர்களின் மகன் யஹ்யா அவர்களே! கணவரை இழந்து இத்தாவில் வீட்டோடு இருப்பதால் வர இயலாமல், யஹ்யா கையில் பிடித்திருக்கும் போன் வழியாக வீட்டிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கும் ஜாஹிரா பீவி மதினி அவர்களே! மேலகரம் அலுவலகத் தோழர்களே! குற்றாலத்திலிருந்து சீசன் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் எங்கள் பேனல் உறுப்பினர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. பதினோரு வருடமாகப் போனில் பேசியே தொண்டை தேய்ந்துவிட்டது. இன்று அசதியாகவும் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சோப்பு, பால்மாவு, செல்போன் விற்கும் கம்பெனிகள் மக்களிடம் கேள்வி கேட்கும். இணையத்தில் பதில் சொல்கிறேன் என்று பெயர் பதிந்தவர்களின் கூட்டம்தான் பேனல். எங்களிடம் ஒன்பதாயிரம் பேர் இருக்கிறார்கள். மூன்று மாதம் பதில் தராதவரை நீக்கிவிட வேண்டும் என்பது விதி. நீக்கும் முன்னால் அண்ணன் கூப்பிடுவார். பிரசவமா என்று கேட்பார். போன் உடைந்துவிட்டதா என்று கேட்பார். துபாய்க்குப் போய்விட்டீர்களா என்று கேட்பார். யார் செய்வார்கள் இதை? எந்த விதிப் புத்தகத்தில் இருக்கிறது இது?

ஒரு சாரல் காலத்தில் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றிலிருந்து முப்பத்தொரு பதில்கள் ஒரே இணைப்பில் வந்தன. எல்லாம் ஒரே ஆளின் வேலை, நீக்கு என்றது கம்ப்யூட்டர். அண்ணன் குடையை மறந்துவிட்டு பஸ் ஏறினார். அங்கே போய்ப் பார்த்தால், எண்ணெய் தேய்க்கிறவர்களும் அறை கூட்டுகிறவர்களும் லாட்ஜின் ஒரே வைஃபையில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார்கள். அதோ இருக்கிறாரே உச்சிமாகாளி அண்ணாச்சி, அவரும் அதில் ஒருவர். சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்து அண்ணன் அறிக்கை எழுதினார்: இருபத்தொன்பது பேரை நேரில் பார்த்தேன், மீதி இருவர் கை எண்ணெயாக இருந்ததால் தூரத்திலிருந்து பார்த்தேன். ஒரு பெயரைக்கூட நீக்கவில்லை.

விஜயசங்கர் சார் சற்று முன்பு நன்றாகப் பேசினார். ஒரே ஒரு சறுக்கலைத் தவிர அப்பழுக்கில்லாத பணி என்றார். அந்தச் சறுக்கலால்தான் மேலாளராக வேண்டியவர் ஆறு வருடம் அதே நாற்காலியில் இருந்தார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

அந்தச் சறுக்கல் என்னுடையது.

ஆறு வருடத்துக்கு முன்பு, குழந்தை உணவு பற்றிய ஆய்வு. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் இருநூறு பேர் வேண்டும். நாற்பது பேர் குறைந்தார்கள். படிவத்தைத் தாங்களே நிரப்ப முடியாதவர்களிடம் நாங்கள் போனில் கேட்டு நிரப்பலாம். காலையிலிருந்து கூப்பிட்டேன். பாதிப் பேர் எடுக்கவில்லை, எடுத்தவர்கள் வைத்துவிட்டார்கள். என் மகள் அபிக்கு அப்போது ஒன்றரை வயது. அவள் தின்றதை, துப்பியதை, அழுததை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, இரண்டு நாளில் நாற்பது படிவங்களையும் நானே நிரப்பினேன். ஒரு பிள்ளையை நாற்பது பிள்ளையாக்கினேன்! அலுப்பில் செய்தேன். ஆனால் தெரிந்துதான் செய்தேன்.

அண்ணன் பதில்களைப் படிக்கவில்லை. ஒவ்வொரு படிவத்துக்கும் எடுத்த நேரத்தைப் பார்த்தார். என் மேசைக்கு வந்தார்.

"கைப்பிள்ளைக்காரி நாப்பது பேரு, கிருபா. ஒருத்திகூட நடுவுல எந்திரிச்சுப் போகலையேம்மா."

நான் அழுதேன். அவர் திட்டவில்லை. அந்த நாற்பது பேரையும் நிஜமாகவே கூப்பிட்டுப் பேசச் சொன்னார். ஒன்பது நாள் பேசினேன். பிள்ளை அழுகிறது என்று வைத்தார்கள், பால் பொங்குகிறது என்று ஓடினார்கள், மறுபடி கூப்பிட்டேன். ஆய்வு தாமதமானது. அந்தக் கம்பெனி எங்களை விட்டுப் போனது. விசாரணையில், "தவறு என் மேற்பார்வையில் நடந்தது" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார் அண்ணன். யார் என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று முதல் வருடம் பயந்தேன். பிறகு பேசாமல் இருப்பதே பழகிவிட்டது. அவர் மட்டும் ஒருநாளும் அதை ஞாபகப்படுத்தவில்லை. அதுதான் என்னை அதிகம் வாட்டியது.

பொறுங்கள். யஹ்யா, அம்மா லைனில் இருக்கிறாரா? சரி.

மதினி, போன பெருநாளைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது அடுப்படியில் வைத்து என்னிடம் கேட்டீர்கள். "அவுக என்ன தப்பு பண்ணுனாவ, கிருபா? கேட்டா சிரிக்காவ." தெரியாது என்றேன். உங்கள் பிரியாணியையும் சாப்பிட்டேன். மதினி, அவர் ஒரு தப்பும் பண்ணவில்லை.

சார், கோப்பில் அவர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயரை எழுதுங்கள். என் வேலையைப் பற்றி நாளைக்கு முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் மேசையில் இந்த மாதம் நீக்க வேண்டியவர்களின் பட்டியல் இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு பேர். முப்பது பேரைக் கூப்பிட்டு டிக் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். மீதி எண்பத்திரண்டு பேரை நான் கூப்பிடுவேன். வேலை இருந்தால் அலுவலகத்திலிருந்து கூப்பிடுவேன். இல்லாவிட்டால் வீட்டிலிருந்து கூப்பிடுவேன். இது அண்ணன் துல்கர்னைன் அவர்களுக்கு நான் இந்தச் சபையில் கொடுக்கும் வாக்கு!

அந்தத் தாய்மார்களைப் போல நானும் நடுவில் இரண்டு தடவை நின்றுவிட்டேன். காத்திருந்தீர்கள், நன்றி. அண்ணன் கேட்டிருந்தால் இந்தப் பதிலை நீக்கியிருக்க மாட்டார்.