வியாழக்கிழமை மேசை

எங்கள் நூலகத்துக் காபி குடிக்கும்படி இருக்காது. அதற்காகத்தான் இத்தனை பேர் வருகிறார்கள் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். வியாழக்கிழமைகளில் அவர்கள் வருவது தங்கள் குடும்பத்தில் காணாமல் போனவர்களைத் தேடி. வாசலில் வரிசை எண் சீட்டைக் கிழித்துக்கொண்டு, பொது மேசையைச் சுற்றி ஒருவரோடொருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் லிண்டோசா ஊரில் முன்பின் தெரியாதவரிடம் பெயர் கேட்பது அவருடைய சட்டைப்பைக்குள் கையை விடுவது மாதிரி.

நான் ஆர்வித், குடும்ப வரலாற்றுப் பிரிவில் இருக்கிறேன். பழைய கையெழுத்துப் பக்கங்களைப் படமெடுத்துக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவுக் கருவி படித்துச் சொல்லும். அதை அச்சிட்டுக் கொடுப்பது என் வேலை. கருவி தப்பாகப் படித்ததால்தான் இவ்வளவும் நடந்தது என்று உங்கள் விசாரணைக் குழு முடிவுக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை நிறுத்திவிடப் போகிறீர்களாம். அதனால்தான் எழுதுகிறேன். ஒரு நிரபராதி தண்டிக்கப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

என் களைப்பைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவருக்கு டென்மார்க்கில் ஒரு சித்தப்பா உயிரோடு கிடைத்தார். மனிதர் அழுதார். கேக் கொண்டுவந்தார். அடுத்த வாரம் சித்தப்பாவையே கொண்டுவந்தார். சித்தப்பாவுக்கும் சில சந்தேகங்கள் இருந்தன. அப்போது ஒன்று புரிந்தது. சந்தோஷப்பட்டவர்கள் திரும்பி வருவார்கள். துக்கப்பட்டவர்கள் நன்றி சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதோடு, உயிரோடு இருப்பவரைக் கண்டுபிடித்தால் அவருக்கு எழுதி, சம்மதம் வாங்கி, பதிலுக்குக் காத்திருந்து, இரண்டு பக்கத்தையும் தயார்படுத்த வேண்டும். செத்தவருக்கு ஒரு வரி போதும்.

ஹெல்வி வந்தது ஒரு நவம்பரில். போர்க்காலத்தில் கழுத்தில் பெயர் அட்டை கட்டி, பின்லாந்திலிருந்து ரயிலேற்றி எங்கள் நாட்டுக்கு அனுப்பிய பிள்ளைகளில் அவரும் ஒருவர். அப்போது வயது ஏழு. கூடவே மூன்று வயதுத் தம்பி ஓலவி. தட்டம்மை கண்டிருந்ததால் அவனை லிண்டோசாவில் இறக்கிவிட்டார்கள். ரயில் அக்காவோடு போய்விட்டது. கல்யாணம், பிள்ளைகள், கணவரின் சாவு எல்லாவற்றையும் தெற்கே முடித்துவிட்டு, தம்பியை இறக்கிய ஊர் என்பதற்காகவே இங்கே வந்து வீடெடுத்திருந்தார்.

அம்மை வார்டு மருத்துவரின் கையெழுத்தை எண்பது வருடங்களாக யாராலும் படிக்க முடியவில்லை. கருவி ஒரு நிமிடத்தில் படித்தது. 'ஓலவி, மூன்று வயது. குணமடைந்தான். ஹுல்டா பண்ணையார் எடுத்துக்கொண்டார். இனி அவன் பெயர் தூரே.'

ஒரு பிழைகூட இல்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூடும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது. ஓலவிக்குப் பிறகு இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, 'இறந்தான்' என்று அடித்தேன்.

ஹெல்வி தாளை வாங்கிப் படித்தார். நன்றி சொன்னார். ஆனால் கோட்டை எடுக்கவில்லை.

"அழுதானாமா, ஆர்வித்? அதைப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்கா?"

"அடுத்த பக்கத்துல இருக்கலாம், ஹெல்வி. அடுத்த வாரம் வாங்க, பாத்துச் சொல்றேன்."

அந்தக் காலத்து நர்ஸ் எழுதுவது போல ஒரு குறிப்பு எழுதித் தரும்படி கருவியிடம் சொன்னேன். இது கற்பனைக்குத்தானே என்று அது கேட்டது. ஆமாம் என்றேன். அதன் நேர்மையைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. பையன் பெயர் அட்டையைப் பிடித்தபடியே தூங்கினான், அக்கா எங்கே என்று ஒருமுறை கேட்டான், விடிவதற்குள் வலியில்லாமல் போய்விட்டான். ஹெல்விக்கு அது மனப்பாடமாகிவிட்டது. ஆனாலும் வாராவாரம் வந்து என்னை வாசிக்கச் சொன்னார்.

கிறிஸ்துமஸ் முடிந்து தூரே வந்தார். ஹுல்டா பண்ணையை விற்றுவிட்டு ஊருக்குள் குடிவந்திருந்தவர்.

"எனக்கு முன்னாடி வேற பேரு இருந்துச்சாம். யாரோ ஒரு பொண்ணு என் கையை இறுக்கிப் புடிச்சிருந்தா. அவ்ளோதான் ஞாபகம். உன் மிஷினு அதுக்கு மேல ஏதாவது சொல்லுமா?"

அதே பக்கம்தான். ஆனால் ஓலவி என்ற பெயரை ஏற்கனவே ஒரு சாவுக்குக் கொடுத்துவிட்டேன். திருப்பிக் கேட்பது முறையல்ல. ஆகவே அவருக்குப் பாவோ என்று ஒரு பெயரையும், வழியிலேயே காய்ச்சலில் இறந்த இர்யா என்ற அக்காவையும் கொடுத்தேன். மறுவாரமே தபால்பெட்டியில் தூரே என்பதற்குக் கீழே பாவோ என்று எழுதி ஒட்டிவிட்டார். இர்யாவைப் பற்றி இன்னும் ஏதாவது கிடைத்ததா என்று கேட்க அவரும் வரத் தொடங்கினார்.

துக்கப்பட்டவர்கள் போய்விடுவார்கள் என்ற என் கணிப்பு தவறியது இங்கேதான். "உன் ரசிகர் மன்றம் வந்தாச்சு. கொஞ்சம் சிரிச்சுத் தொலையேன்" என்பாள் பக்கத்து மேசை மாய்கென்.

ஹெல்வி எல்லாருக்கும் பின்னல் பன் சுட்டுக்கொண்டு வருவார். ஒருநாள் தூரே அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஏலக்காய் தூக்கலா இருக்கே."

"எங்க பக்கம் அப்படித்தான் போடுவோம். புடிக்கலைன்னா வெச்சிடுங்க."

"வெச்சிடறேன்னு நான் சொன்னேனா?"

இரண்டு குளிர்காலத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். பிறகு ஹெல்வி தட்டை அவர் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைப்பார், அவர் தலையசைப்பார். இருவருமே பன்னை ஒரே மாதிரி பின்னல் பின்னலாகப் பிரித்துத்தான் தின்பார்கள். நான் பார்த்திருக்கிறேன். எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இரண்டு பேரும் அவரவர் சாவுக்குப் பழகியிருந்தார்கள். பழகியதைக் கலைப்பது எனக்குப் பிடிக்காது.

பிப்ரவரியில் ஹெல்வி இறந்தார். ரயிலில் வந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு கண்காட்சி வைப்பதற்காக மாய்கென் அதே பக்கத்தைக் கருவியிடம் கொடுத்தாள். அது முதல் தடவை படித்தது போலவே படித்தது. அவள்தான் தூரேயின் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

அந்த வியாழக்கிழமையும் அவர் வந்தார். வேறு யாரும் இல்லாதபோதும் எண் சீட்டைக் கிழித்துக்கொண்டு, கூப்பிடும்வரை காத்திருந்தார்.

"பன்னு கொண்டு வருவாங்களே. அவங்களா?"

"ஆமா."

கையிலிருந்த எண் சீட்டை மேசைமேல் வைத்தார்.

"ஏலக்காய் தூக்கல்னு குறை சொல்லிட்டேனே" என்றார்.

இப்போதும் வருகிறார், அதே நாற்காலிக்கு. என்னிடம் எதுவும் கேட்பதில்லை. சொல்லப்போனால் வேலை குறைந்திருக்கிறது.

கருவியை விட்டுவிடுங்கள். செய்தவன் நான். ஆனால் என்னைப் பற்றி எழுதும்போது நியாயமாக எழுதுங்கள். எண்பது வருடங்களாக யாராலும் முடியாததை, அந்த இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்ததை, செய்தவனும் நான்தான்.