எச் போடத் தெரியாத அப்பா

நீது: கிளட்ச்ச பைய விடுங்கப்பா... பைய... அய்யோ, வண்டி ஆஃப் ஆயிருச்சு.

தங்கப்பன்: ஸாரமில்ல மக்ளே. கொஞ்சம் துள்ளுச்சு, அவ்ளோதான்.

நீது: லைசென்ஸ் டெஸ்ட்ல கம்பிக்கு நடுவுல வண்டியால எச் போடச் சொல்லுவாங்க. அதுல பாதி ரிவர்ஸ். நீங்க நேராப் போகவே...

தங்கப்பன்: அதுக்குத்தானே மகள வாத்தியாரா வச்சிருக்கேன்.

நீது: நல்ல வாத்தியார். கழக்கூட்டத்துல ஐடி கம்பெனி வேலைய விட்டுட்டு வந்து, ரூமுக்குள்ளேயே சுருண்டு கெடந்தவ. அம்மா ஏன்னு கேட்டா. அத்தை கேட்டா. நீங்க மட்டும் ஒண்ணும் கேக்காம, ‘எனக்குக் கார் ஓட்டப் படிப்பிச்சுத் தா’ன்னு வந்து நின்னீங்க.

தங்கப்பன்: வயசான காலத்துல ஒரு ஆசை. இப்பம் எந்தப் பக்கம் திரும்பணும்?

நீது: இடது. இண்டிகேட்டர் போடுங்க... அது வைப்பர்ப்பா.

தங்கப்பன்: மழை வந்தா?

நீது: இந்த வெயில்லயா?

தங்கப்பன்: சிரிச்சிட்டே, அல்லே?

நீது: சிரிக்கல... அப்பா, எதிர்ல ஆம்புலன்ஸ். இந்தத் தெருவுல ரெண்டு வண்டி போகாது. இறங்குங்க, நான் பின்னால எடுக்கேன்.

தங்கப்பன்: இறங்கி ஏற நேரமில்ல. சும்மா இரி.

நீது: பின்னால ஓரமா பைக் நிக்கி... கரண்ட் கம்பம்... அப்பா, வளைவு...

தங்கப்பன்: பாத்தாச்சு.

நீது: அய்யோ... வளைவும் தாண்டியாச்சு.

தங்கப்பன்: ஆம்புலன்ஸ் போயிருச்சு.

நீது: தெரு முழுக்க ரிவர்ஸ்ல வந்திருக்கீங்க. ஒத்தக் கையில.

தங்கப்பன்: அது... பயத்துல தானா வந்திருக்கும்.

நீது: அப்பா. சொல்லுங்க.

தங்கப்பன்: கல்யாணத்துக்கு முன்னால நாகர்கோவில்ல லாரி ஓட்டுனேன் மக்ளே. லைசென்ஸ் இப்பமும் கையில இருக்கு. ஒன்ன அந்த ரூம விட்டு வெளிய கொண்டார எனக்கு வேற வழி தெரியல. அப்பா ஏமாத்திட்டேன்னு நெனைக்காத.

நீது: மொத நாளே தெரியும்ப்பா. உக்காந்த ஒடனே மிரரத் திருப்பி வச்சீங்க. புதுசாப் படிக்க வர்றவங்க யாரும் அதச் செய்ய மாட்டாங்க. வண்டி ஓட்டத் தெரிஞ்ச மனுஷன், எனக்காகத் தினமும் இவ்வளவு பொறுமையாத் தப்புப் பண்ணுறாரேன்னு பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். இத விட்டுர மனசு வரல. காலையில நீங்க வந்து கதவத் தட்டுவீங்கன்னு தெரிஞ்சதாலதான், ராத்திரி என்னால கண்ண மூட முடிஞ்சுது.