மூணாவது ஓலை

நாகராசு: ஓடாதய்யா சவரி! கைதி முன்னால, வார்டர் பின்னால... பாக்குறவன் என்ன நெனைப்பான்?

சவரியப்பன்: வெரசா வாங்க வார்டரய்யா. பஸ்ஸு லேட்டு பண்ணிருச்சு. கோயில்ல ரெண்டாவது மணி அடிச்சாச்சு.

நாகராசு: கல்யாணம் நாளைக்குத்தானே?

சவரியப்பன்: இன்னிக்கு மூணாவது ஓலை! மூணு ஞாயித்துக்கெழமை பூசையில சாமியாரு வாசிப்பாரு... இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடையிருந்தா சொல்லுங்கன்னு. ரெண்டு ஓலை போச்சு. எம்மக வேளாங்கண்ணி பேரை ஒருதரமாச்சும் காதால கேக்க வேணாமா?

நாகராசு: ஓகோ... அதான் ஓலையா...

சவரியப்பன்: எம்பொண்டாட்டி எழுதுனதும் அதான். 'மூணாவது ஓலைக்குள்ள எப்பிடியாச்சும் வெளிய வந்துருங்க'ன்னு. எவனோ ஒரு புத்திசாலி, ஜெயிலை ஒடைக்க ரகசியச் சேதின்னு லெட்டரைப் பூட்டிட்டான்!

நாகராசு: பாவம், அவன் என்ன கண்டான்? எங்க வல்லத்திராக்கோட்டையில ஓலைன்னா எழவுச் சேதி, கல்யாணத்துக்குன்னு யாரு கண்டா...

சவரியப்பன்: பாவமா? வரப்புத் தகராறுல ஒருத்தன் மண்டைய ஒடைச்சேன், மூணு வருசம். சரி, ஒத்துக்கிறேன். வீட்டு லெட்டரை நிறுத்துன்னு கோர்ட்டு சொல்லலையே!

நாகராசு: ஜெயிலைப் பாக்க வந்த ஜட்ஜுகிட்டயும் இதையேதான் கேட்டே. எனக்கு வேர்த்து ஊத்துது...

சவரியப்பன்: ஒங்களுக்கு ஏன் வேர்க்கணும்?

நாகராசு: ...வெயிலு.

சவரியப்பன்: ஆபீசு டிராயரைத் தொறன்னாரே ஜட்ஜு! பதினாலு பேரு லெட்டரு! எங்கூட இருக்குற கைதி அடைக்கலம், தனக்கு மகன் பொறந்த சேதியை அன்னிக்குத்தான் படிச்சான். புள்ளை இந்நேரம் தவழுது!

நாகராசு: இனிமே லெட்டரை நிறுத்துனா காரணத்தைக் கைதிக்குச் சொல்லணும்னுட்டாரு. ஒனக்கு லீவுக்கும் எழுதிட்டாரு.

சவரியப்பன்: லீவு அவரு மனசு. லெட்டரு எனக்குச் சேரவேண்டியது.

நாகராசு: சவரி... நில்லு. ஒண்ணு சொல்லணும்.

சவரியப்பன்: பூசை முடியட்டும்.

நாகராசு: இல்லய்யா... அந்தப் புத்திசாலி... நாந்தான்.

சவரியப்பன்: தெரியும்.

நாகராசு: தெரியுமா! எப்பிடி?

சவரியப்பன்: லெட்டருல 'ஓலை'க்குக் கீழ செவப்புப் பென்சில் கோடு. காதுல செவப்புப் பென்சிலோட திரியிறது ஜெயில்லயே நீங்க ஒரு ஆளுதான்.

நாகராசு: ...அப்பறம் ஏன்யா ஒத்த வார்த்தை கேக்கலை?

சவரியப்பன்: தொணைக்கு எந்த வார்டரை அனுப்பன்னு ஜெயிலரய்யா கேட்டப்போ, நாந்தான் ஒங்க பேரைச் சொன்னேன். மொத வரிசையில எடம் போட்டிருக்கும், வாங்க. தடையிருந்தா எந்திரிச்சுச் சொல்லிருங்க... பூட்டி வச்சுக்கிறாதீங்க!