தம்பி அமைதியாக இருந்த பத்து நாட்கள்

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது நாற்பத்து மூன்று. துணிக்கடையில் அளவு திருத்தித் தைக்கிறேன். என் தம்பி அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டியவன். என் வீட்டில்தான் இருந்தான். அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் திட்டி அவனை வேலையை விட்டு அனுப்பிய பிறகு, அந்த ஆளைச் சும்மா விடமாட்டேன் என்று தொழிற்சாலைக்குக் கடிதம் போட்டான். அதன் பேரில் மிரட்டல் விடுப்பவர்களின் போக்கைக் கவனிக்கும் காவல்துறையின் நடத்தை ஆய்வுப் பிரிவிலிருந்து ஓர் அம்மா சீருடை இல்லாமல் வந்து, இரண்டு மணி நேரம் அவனைப் பேசவிட்டுக் கேட்டார். அவ்வளவு நேரம் நான்கூட அவன் பேச்சைக் கேட்டதில்லை. புறப்படும்போது என்னிடம், "கத்தினா பயப்படாதீங்க. திடீர்னு மாறினா, நல்ல மாற்றமாத் தெரிஞ்சாலும், கூப்பிடுங்க" என்றார். அதன் பிறகு வாரந்தோறும் தொலைபேசியில் விசாரித்தார்.

இரண்டு மாதம் கழித்து அவன் கத்துவதை நிறுத்தினான். முகம் மழித்தான். பக்கத்து வீட்டு ஏணியைத் திருப்பிக் கொடுத்தான். தன் சைக்கிளையும் கைக்கடிகாரத்தையும் என் கணவருக்குக் கொடுத்து, "வச்சுக்கோங்க மாமா" என்றான். "என்னடா, சாமியாராப் போறியா?" என்று கேலி செய்தேன். சிரித்தான்.

அந்த வாரம் அந்த அம்மா விடுப்பில் இருந்ததால் வேறொருவர் பேசினார். கோபம் இருக்கிறதா என்று கேட்டார். "இல்லைங்க, ரொம்ப அமைதியா இருக்கான்" என்றேன். "சந்தோஷம்மா" என்று வைத்துவிட்டார்.

சைக்கிளைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று இந்த வழக்கை விசாரிக்கும் காவல் ஆய்வாளர் கேட்டதற்கு: தொலைபேசியில் பேசியவர் அதைக் கேட்கவில்லை. தம்பி திருந்திவிட்டான் என்று நினைத்தேன், சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயந்தேன். அந்த அம்மாவே அன்று பேசியிருந்தால் சொல்லியிருப்பேனா என்றால், அதுவும் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, அவன் அமைதியான பத்தாம் நாள், காலை ஷிப்டு முடியும் மதிய நேரத்தில், தொழிற்சாலை வாசலில் மேற்பார்வையாளரை அட்டை வெட்டும் கத்தியால் குத்திவிட்டுத் தன் கையையும் அறுத்துக்கொண்டான். தகவல் வந்து மருத்துவமனைக்குப் போனேன். அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே என் பக்கத்தில் ஓர் அம்மாள் அழுதுகொண்டிருந்தார். அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து, "உங்களுக்கு யாரு உள்ள?" என்று கேட்டார்.

"தம்பி" என்றேன்.

"ஒண்ணும் ஆகாதும்மா, பொழச்சுக்குவான்" என்றார்.

அவன் பிழைத்துக்கொண்டான். அவருடைய கணவர், அந்த மேற்பார்வையாளர், அன்று மாலை நான்கு மணிக்கு இறந்தார்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(கையொப்பம்)
குற்றம் சாட்டப்பட்டவரின் அக்கா