வாசற்படிக்கு வந்த செங்காந்தள்

நான் எழுதிப் பழகியவள் அல்ல, பொறுத்துக்கொள்ளுங்கள். போளூரிலிருந்து மலையேறும் பேருந்தில், முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒங்கண்ணன் இந்த வருசம் வாசப்படிக்கே வந்துட்டாரும்மா" என்றார் மூத்தவர்.

"அது செங்காந்தள் செடி, அண்ணி."

"காட்டுல தேடித் தேடி ஒண்ணே ஒண்ணு கெடச்சிது. அவரு புளியமரத்துலேர்ந்து வுழுந்து செத்த எடத்துல நட்டேன். வெயில்ல காஞ்சி காணாம பூடும். மழ பேஞ்சா, ஒரு சாண் வூட்டுப் பக்கம் தள்ளி மொளைக்கும்."

"கெழங்கு கவையா பிரிஞ்சி நகரும் அண்ணி."

"நாலு பக்கமும் போலாமே. வூட்டுக்கு மட்டும் இன்னாத்துக்கு வருது?"

இளையவர், "பேரன் தவழுறான். அது வெசக் கெழங்கு. வாயில வெச்சிட்டா இன்னா பண்ணுவீங்க? நோண்டி மரத்தடிக்கே மாத்துங்க" என்றார்.

"மறுபடியும் மொதல்லேர்ந்து வரணுமே அவரு."

சாலையோரத்து வீட்டின் முன் இருவரும் இறங்கினார்கள். வாசற்படியை ஒட்டி அந்தக் கொடி சிவப்பாகப் பூத்திருந்தது; சில அடி தள்ளிப் புளியமரம்.

மறுநாளும் அந்த வழியாகப் போனேன். படியோரம் குழி இருந்தது. கொடி புளியமரத்தடியில், ஈர மண்ணில் நின்றது. பூக்கள் எல்லாம் வீட்டைப் பார்த்திருந்தன.