வாணாங்கய்யா, தண்ணி

— மூக்குலேர்ந்து அந்த கர்ச்சீப்ப எடுடா, தாசு. பெத்த தாயப் பாக்க வந்தியா, சாக்கட அள்ள வந்தியா?

— சும்மா இரு, அக்கா. வார்டே கொமட்டுது. மேட்டுப்பாளையம் கம்பெனில நாளெல்லாம் ரப்பர் பொகைய மோந்துட்டு ஊட்டுக்கு வந்தா, அங்கயும் பாயி, பொடவ, தலவாணி எல்லாம் மூத்திர வாட. சோறு எறங்குமா எனக்கு?

— டாக்டரம்மா சொன்னது காதுல உழுந்துச்சா?

— மூத்திரத்துல கிருமியாம், தண்ணி பத்தாம வந்ததாம். அதுக்கும் புத்திக்கும் என்னாக்கா சம்பந்தம்? சுனாமி வருசத்துல செத்த அப்பா கதவாண்ட நிக்கறாருன்னு சோறு போட்டு வெக்குது. மில்லு சங்கு ஊதிடுச்சு, கெளம்புங்கன்னு செவுத்தப் பாத்துக் கத்துது.

— வயசானவங்களுக்கு அந்தக் கிருமி மண்டையவே கலக்கிடுமாம்டா. முன்னயே கொஞ்சம் மறதி இருந்தா, ஒவ்வொரு தடவ வரும்போதும் இன்னும் கொஞ்சம் தள்ளிவுட்டுட்டுப் போயிடுமாம். இப்ப மருந்துல தெளிஞ்சாலும் பழைய அம்மாவா எந்திரிப்பாங்களான்னு சொல்ல முடியாதுன்னாங்க. ஏன்டா மொதல்லயே கூட்டியாரல?

— காத்து கருப்புன்னு நெனச்சேன். கம்பெனில ஒருத்தன் சொன்ன பூசாரியாண்ட கூட்டிட்டுப் போனேன்.

— வேப்பெலைல அடிச்சானா?

— ம்... அடிச்சாரு. ஒரு நாள் முழுக்கப் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாதுன்னாரு.

— த்தூ! காச்சக்காரிய அடிச்சு, தண்ணியும் குடுக்காமப் போட்டியா? உன்கூடப் பொறந்தேன்னு சொல்லவே அருவருப்பா இருக்குதுடா.

— ஒரு நாள்தான்கா. அப்பால நாங்க குடுத்தாலும் அது துப்புது. பேய்தான் குடிக்க உடலன்னு நெனச்சோம். போதும்கா, தை மாசம் மொதமொதல்ல பாய நனைச்சப்பவே நாறுதுன்னு கத்துனேன், கேக்கல. உழவர்கரைல ஒரு முதியோர் இல்லம் பாத்து வெச்சிருக்கேன். இங்கேர்ந்து நேரா அங்கதான்.

— நல்லா பண்ணுவ. கண்ணு முழிக்கிறாங்க பாரு. உன் கையால ஒரு வாய் தண்ணியாவது குடு.

— யம்மா. இந்தா, வாயத் தொற.

— வாணாங்கய்யா. நீங்க யாரு?

— தாசும்மா. உன் மவன்.

— தாசு கம்பெனிக்குப் போயிருக்குதே.

— சரி, குடிச்சிட்டுப் பேசு. நாக்கு வறண்டு கெடக்குது.

— வாணாங்க. குடிச்சா ஒண்ணுக்கு வந்துடும். எம்புள்ளைக்கு அந்த வாட ஆவாதுங்க, சோத்துல கை வெக்காம எந்திரிச்சிடுது. அதான் தை மாசத்துலேர்ந்து நானே தண்ணியக் கொறச்சிட்டேன். அதுகிட்ட சொல்லிடாதீங்கய்யா, மனசு ஒடஞ்சிடும்.